சிலுப்பாத சேவல்

திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா போகிற சாலையில், முட்டைக்கோஸ் தோட்டங்களைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு பலகை நிற்கும். பச்சை நிறத்தின் மேல் சிவப்புச் சேவல். அதன் கீழே தமிழில் ‘சிலுப்பாத சேவல் கோழிப்பண்ணை’ என்றும், மலாய் மொழியில் அதே பொருளில் ‘ஆயாம் தாக் கோயாங்’ என்றும் எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெயருக்காக என் அண்ணி அம்சவல்லி தேயிலை எஸ்டேட்டில் இருந்த கோழிக் கொட்டகையை இழந்தாள், பதினேழு வருஷ வேலையை இழந்தாள், குடியிருந்த லயத்து வரிசை வீட்டையும் இழந்தாள். இழந்தேன் என்று அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன்.

என் பெயர் ரஞ்சிதம். அவள் புருஷன் வீரப்பனுக்கு நான் தங்கை. நாத்தனார் என்றால் குறை சொல்ல வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். ஆரம்பத்தில் நானும் அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அண்ணி குள்ளம். நடக்கும்போது எதையோ மிதித்து நசுக்குகிற மாதிரி நடப்பாள். யாராவது சத்தம் போட்டால் பதில் பேசமாட்டாள், அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைவிட அவள் ஏதாவது பேசித் தொலைக்கலாம் என்று தோன்றும்.

கதை 1973இல், தராசு முன்னால் ஆரம்பித்தது. மலையில் மழை இல்லாத நாள் குறைவு. நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், அது எல்லா எஸ்டேட்டிலும் உள்ளதுதான். எங்கள் பிரிவில் எவ்வளவு கழிப்பது என்று சொல்கிறவர் காளியண்ணன். அப்போது அவர் சின்னக் கங்காணி. தன் சொந்தக்காரப் பெண்களின் கூடைக்கு இரண்டு ராத்தல், மற்றவர்கள் கூடைக்கு ஆறு ராத்தல் என்று அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் லயத்துக்குப் போய்த்தான் திட்டினார்கள்.

என் அண்ணன் கூடை தூக்கி லோரியில் ஏற்றுகிறவர். சாது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, அண்ணியின் கூடையில் ஆறு ராத்தல் கழித்ததும் தராசு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“மழ எல்லாருக்கும் ஒண்ணாத்தான் பெய்யுது கங்காணி. கழிக்கிறதையும் ஒண்ணா கழிங்க லா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஒரு மாதத்தில் செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. சொன்னபடி வேலை செய்வதில்லை என்று கணக்கெழுதுகிற கிராணி காரணம் எழுதியிருந்தார். சாட்சிக்கு வரச் சொன்னபோது, தராசைச் சுற்றி நின்ற இருபது பேருக்கும் அன்றைக்கு ஒன்றும் காதில் விழவில்லையாம். அண்ணி வேலையில் இருந்ததால் வீடு மட்டும் தப்பியது. அண்ணன் திரிங்காப்பில் ஆ செங் என்ற சீனத் தவுக்கேயின் காய்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனார்.

அதே சமயம் பெரிய கங்காணி வேலை காலியாக இருந்தது. அது தனக்குக் கிடைத்தால் சேவல் வெட்டுவதாகக் காளியண்ணன் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். கருஞ்சிவப்புச் சேவல், ஒரு வெள்ளை இறகுகூட இருக்கக்கூடாது. காலில் மஞ்சள் நூல் கட்டி விட்டார்கள். நேர்ந்துவிட்ட சேவலை யாரும் விரட்டக்கூடாது, கூண்டில் அடைக்கவும் கூடாது. அது எங்கள் முறத்து அரிசியைத் தின்றது, எங்கள் பெட்டைகளோடு சுற்றியது, ராத்திரியானால் மரக்கிளையில் ஏறி மழையிலும் பனியிலும் தூங்கியது. கங்காணி மாதிரியே அதுவும் எங்களை மதிக்கவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டோம்.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் படையல்.

முனியாண்டிக்கு வெட்டுவதற்கு முன்னால் பூசாரி சேவல்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். சேவல் உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் மறுபடி தெளிப்பார்கள். மூன்று தடவை தெளித்தும் சிலுப்பாவிட்டால் சாமி வேண்டாம் என்கிறார், வெட்டக்கூடாது. இது எங்கள் பாட்டன்மார் கப்பலில் வந்தபோது கூடவே வந்த வழக்கம். அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். மற்றவர்கள் அவரவர் சேவலைக் கூடையில் போட்டு, மேலே சாக்கு மூடி, நேராகக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். புதுப் பெரிய கங்காணி அப்படி வரலாமா? மேளத்தோடு எட்டு லயத்தையும் சுற்றி வந்தார். சுப்பன் என்கிற கையாள் சேவலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் கங்காணி குடை பிடித்துக்கொண்டு வந்தார். குடை கங்காணிக்கு மட்டும்தான்.

மற்ற சேவல்கள் தண்ணீர் பட்டதுமே சிலுப்பின. கங்காணி சேவல்மேல் செல்லையா பூசாரி ஒரு தடவை தெளித்தார். அது கண்ணைச் சிமிட்டியது. இரண்டாம் தடவை தெளித்தார். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் தடவை செம்போடு ஊற்றினார். தண்ணீர் வாலில் வழிந்து ஓடியது, சேவல் அசையவில்லை. கங்காணி இன்னொரு தடவை என்றார், பிறகு இன்னொரு தடவை என்றார். கால்மணி நேரம் ஆகியிருக்கும். கூட்டத்தில் யாரோ இருமினார்கள், அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பூசாரிக்கும் வேறு வழியில்லை. சாமிக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டார்.

கங்காணி அவசரமாக இன்னொருவர் சேவலை வாங்கி வெட்டினார். ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்த வேலை நேர் வழியில் வந்ததில்லை, அதனால்தான் முனி வேண்டாம் என்றுவிட்டார் என்ற பேச்சு அன்றே எட்டு லயத்துக்கும் பரவியது. சாமி மறுத்த சேவலை நேர்ந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பள்ளத்தில் கொண்டுபோய் வீசு என்று கங்காணி சொன்னார். சுப்பனுக்கே அதைத் தொடப் பயம். அப்போதுதான் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். இடுப்பில் கட்டியிருந்த கொழுந்துச் சாக்கை அவிழ்த்து, சேவலை அதில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“சாமி வேணாம்னத வீட்டுக்குக் கொண்டு போறியா நீ?” என்றார் கங்காணி.

“உங்ககிட்டயிருந்துதான் வேணாம்னாரு. எனக்கு ஒண்ணும் சொல்லல” என்றாள் அண்ணி.

நான் அன்று அவளோடு சண்டை போட்டேன். புருஷனுக்கு வேலை போயிருக்கிறது, இதில் சாமி கோபமும் வேண்டுமா என்று கத்தினேன். மூன்று நாள் பேசாமலும் இருந்தேன். அவள் சேவலுக்கு வெந்த கிழங்கைப் பிசைந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் கோழிச் சீக்கு வந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கோழிகள் கழுத்துத் திருகி விழுந்து கிடக்கும். லயத்துக்கு லயம் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தச் சேவலும் அதன் வழியில் வந்த குஞ்சுகளும் மட்டும் நின்றன. படித்தவர்கள் காரணம் சொல்வார்கள், எனக்குத் தெரியாது. சிலர் முனி காவல் என்றார்கள். அண்ணி காரணம் கேட்கவில்லை. நின்ற குஞ்சுகளில் நல்லதாக ஏழு பெட்டைகளைப் பிரித்து வைத்து, வேறு சேவல் பக்கத்தில் அண்டாமல் பார்த்துக்கொண்டாள்.

மலையில் குஞ்சு பொரிப்பது லேசில்லை. தாய்க்கோழி தண்ணீர் குடிக்க எழுந்து போகிற நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடும். பொரித்த குஞ்சு ஒரே ராத்திரியில் விறைத்துச் செத்துவிடும். தேயிலை அனுப்புகிற பலகைப் பெட்டிகளில் உடைந்ததைத் தொழிற்சாலைப் பின்புறம் வீசுவார்கள். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், சூடு வெளியே போகாது. அண்ணி அவற்றைப் பொறுக்கி வந்து ஒட்டுப் போட்டு, காற்றுக்கு ஓட்டை வைத்து, மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் தடுப்புக் கட்டி வைத்தாள். பெட்டிக்கு நாற்பது குஞ்சு. விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியிலும் கை விட்டுப் பார்ப்பாள். அவள் கைதான் சூட்டுமானி.

நான்கு வருஷத்தில் அவள் குஞ்சு என்றால் கம்போங் ராஜா வரைக்கும் தெரியும். சீனர்கள் வந்தார்கள், மலாய்க்காரர்கள் வந்தார்கள், கிளந்தான் போகிற லோரிக்காரர்கள்கூட நிறுத்தி வாங்கினார்கள். லயத்துக்குப் பின்னால் கொட்டகை வளர்ந்தது. 1979இல் எஸ்டேட் மேனேஜராகப் புதுத் துரை வந்தார். கோழி வளர்ப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் வியாபாரம் என்றால் உரிமம் எடுத்துவிடு என்றார். அதற்கான விண்ணப்பப் பாரத்தில் முதல் வரியே பண்ணையின் பெயர். பெயர் இல்லாமல் பாரத்தை வாங்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு பெயரோடு வந்தார்கள். நான் அண்ணன் மகள் பெயரைச் சொன்னேன், நவமணி கோழிப்பண்ணை. யாருக்கும் வலிக்காத பெயர். ஆ செங் தவுக்கே ‘ஆயாம் பாகுஸ்’, நல்ல கோழி, வேறென்ன வேண்டும் என்றார். கடைசியில் கோயில் கமிட்டி வந்தது. கமிட்டித் தலைவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. முனி உயிர்ப்பிச்சை கொடுத்த சேவல், அதனால் ‘ஸ்ரீ முனியாண்டி துணை கோழிப்பண்ணை’ என்று வைப்பதுதான் முறை என்றார்கள். ஐந்து வருஷத்தில் கதை அப்படி மாறியிருந்தது. முனி கங்காணியை மறுத்தது போய், கங்காணி நேர்ந்த சேவலால் ஊருக்கே நன்மை என்று ஆகியிருந்தது. இன்னும் ஐந்து வருஷம் போனால் பண்ணையையே கங்காணிதான் வைத்துக்கொடுத்தார் என்று சொல்லியிருப்பார்கள். அண்ணி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள், யாருக்கும் பதில் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணன் ஒரு பலகையில் சேவல் வரைந்துகொண்டிருந்தார். கீழே ‘சிலுப்பாத சேவல்’ என்று எழுதியிருந்தது. உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா அண்ணி என்று கேட்டேன்.

“இந்தச் சேவல் எதனால உசுரோட இருக்கு? சிலுப்பாததால. அது சிலுப்பியிருந்தா கொழம்பு. அப்புறம் பண்ணை ஏது, பேரு ஏது? நடந்ததத்தான் புள்ள எழுதியிருக்கேன். ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல” என்றாள்.

நடந்ததை எழுதுவதுதான் ஆபத்து என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பாரம் வாங்கிய மலாய் அதிகாரிக்குப் பெயர் புரியவில்லை. அண்ணி தலையில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி கையைக் காட்டி, அசையாமல் நின்று காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, ‘ஆயாம் தாக் கோயாங்’ என்று தானே எழுதி முத்திரை குத்தினார்.

பலகை ஏறிய அன்றே லயம் முழுக்கப் பழைய கதை உயிர்பெற்றது. பிள்ளைகள் கங்காணியைக் கண்டால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுபோல் நடித்துவிட்டு ஓடினார்கள். நாலாம் நாள் துரை அண்ணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கங்காணி கைகட்டி ஓரமாக நின்றிருந்தார். வேலைக்காரர்களிடையே பிணக்கு வருகிறது, பெயரை மாற்று, இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கொட்டகையைப் பிரித்துவிடு, இது எஸ்டேட் நிலம் என்றார் துரை. எந்தப் பெயரானாலும் சரி, இது மட்டும் வேண்டாம் என்றார்.

அன்று மாலை நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு பலகைதானே, எழுத்துத்தானே, மாற்றிவிடு என்றேன். எனக்குப் பயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“உங்க அண்ணன் பேர ஒருதடவ அழிச்சாங்க. அன்னிக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியல. இது ரெண்டாவது பேரு ரஞ்சிதம். இத அழிக்க விடமாட்டேன்” என்றாள்.

வாரம் முடிவதற்குள் அவளே கொட்டகையைப் பலகை பலகையாகப் பிரித்தாள். ஆ செங்கின் தோட்டத்து ஓரத்தில் ஒரு சரிவு சும்மா கிடந்தது. கோழி எருவை எல்லாம் எனக்குக் கொடுத்துவிடு, நிலத்துக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார் அவர். முட்டைக்கோசுக்கு எரு பொன் மாதிரி. அண்ணி துரையிடம் போய் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி, வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள். பெயரை மாற்ற இவ்வளவு கஷ்டமா என்று அவர் கேட்டாராம். மாற்றுவது சுலபம் துரை, அதனால்தான் மாற்றவில்லை என்றாளாம். காய்கறி லோரியில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கீச்சுக் கீச்சென்று சத்தம். அந்தச் சேவலுக்கு அப்போது வயதாகிவிட்டது. முன் சீட்டில் அண்ணியின் மடியில் உட்கார்ந்துகொண்டு வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். 

லயத்துக்குப் பின்னால் இருந்தவரை அந்தப் பலகையை எட்டு லயம் பார்த்தது. இப்போது சாலையைப் பார்த்து நின்றது. கம்போங் ராஜா போகிற ஒவ்வொரு வண்டியும் பார்த்தது. எஸ்டேட் லோரி வாரம் இரண்டு தடவை அந்த வழியாகத்தான் போகவேண்டும். முன் சீட்டில் கங்காணி இருந்தால், எங்கள் பண்ணை வரும்போது எதிர்ப்பக்க மலையைப் பார்ப்பார். அவருக்குக் கழுத்து வலி வந்திருக்கும்.

முதல் மழைக்காலத்தில் பாதிக் குஞ்சு செத்தது. ஓலைச் சந்தில் வாடைக் காற்று வீசியது. நவமணியோடு நாங்கள் நாலு பேரும் குஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில்தான் படுத்தோம், சூட்டுக்கு. அப்போதும் அவள் வாயிலிருந்து ஒரு வருத்த வார்த்தை வரவில்லை. எனக்கு அதில் கோபம்தான் வந்தது. 1981இல் சேவல் தானாகச் செத்தது. அதன் பேரன் சேவல்கள் ஆறு அப்போது பண்ணையில் கூவிக்கொண்டிருந்தன.

1986இல் ஒருநாள், தூறலில் குடை பிடித்துக்கொண்டு காளியண்ணன் கங்காணி பண்ணைக்குள் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார். அண்ணி முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் தேத்தண்ணி கலந்தேன். அவர் மகளைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தவர்கள் வழியில் பலகையைப் பார்த்துச் சிரித்து, இது என்ன பெயர் என்று கடையில் விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரன் முழுக்கதையையும் சொல்லியனுப்பிவிட்டான். பலகையை இறக்கிவிடம்மா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

“அந்தச் சேவல் எட்டு லயமும் மழைல நனஞ்சுக்கிட்டே வந்துச்சும்மா. தொப்பலா நனஞ்சது மேல தண்ணி தெளிச்சா எப்படிச் சிலுப்பும்? எனக்கு இப்பத்தான் வெளங்குது. சாமி என்னைய வேணாங்கல. அது மழை” என்றார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் கங்காணி” என்றாள் அண்ணி.

அவர் குவளையைக் கீழே வைத்தார். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷமாக என்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

“தெரிஞ்சுகிட்டேவா இத்தன வருஷம் சும்மா இருந்த?” என்றார் கங்காணி.

“மழைய மழைனு பாக்கணும்னு இப்பக் கேக்குறீங்க. எம்புருஷன் தராசுகிட்ட வேற என்ன கேட்டாரு? மழ எல்லாருக்கும் ஒண்ணாத்தான் பெய்யுதுன்னாரு. அதுக்கு அவர் பேர வெட்டுனீங்க.” அண்ணி கையிலிருந்த முட்டையைப் பதனமாகப் பெட்டியில் வைத்தாள். “பலகைய நீங்களே எறக்கலாம் கங்காணி. நான் தடுக்கமாட்டேன். பெரட்டுக் களத்துல எல்லாரும் நிக்கும்போது, வீரப்பன் சொன்னது சரின்னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டு வாங்க. ஏணி நான் தர்றேன்.”

கங்காணி எழுந்து வாசல் வரை நடந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனார். கொட்டகைக்குப் பின்னால் எரு அள்ளிக்கொண்டிருந்த அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது.

அண்ணி சொன்ன சொல் தவறாதவள். அன்றே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைமேல் சாய்த்து வைத்தாள். இரண்டு வருஷம் ஆகிறது, அவர் வரவில்லை. ஏணி அங்கேயேதான் நிற்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணன் அதில் ஏறி, எழுத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டு இறங்குகிறார்.